ஒரே எழுத்தளவில் ஒன்பது எண்கள்: எடை மெஷினும் பேண்டும், 92 நாள் கழித்து

எடை மெஷினும் கையில் கட்டும் பேண்டும் ஜோடியாக வரும் ஒரு செட்டை வாங்கி இன்றோடு 92 நாள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆப். பிராண்ட் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி இந்தக் கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை, இந்த வகைச் சாமான் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது சர்வே படிவங்களைச் சுத்தம் செய்யும் வேலை. யாரோ எங்கேயோ கேட்டு நிரப்பி அனுப்பிய விடைகள் கணினிக்குள் வந்ததும், வயது 212 என்று இருப்பதையும், ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதையும் கண்டுபிடித்துத் திருத்துகிறவள் நான். அதனால் யாராவது ஒரு எண்ணை நீட்டினால் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படி வந்தது?" என்று கேட்டுப் பழகிவிட்டது. வீட்டில் இது யாருக்கும் பிடிக்காது. ஆனால் இந்தச் செட்டைப் பற்றி எழுத இந்தப் பழக்கம் உதவுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் பார்க்க அழகு, கண்ணாடி கீறவில்லை. பேண்ட் தண்ணீருக்கு அசையவில்லை. ஆப் வேகமாகத் திறக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

காலையில் மெஷினில் ஏறி இறங்கினால் ஆப்பின் முதல் திரையில் ஒன்பது எண்கள் வரும். எடை 68.4. கொழுப்பு 33.8 சதவீதம். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் எண்) 26.7. எலும்பு 2.4 கிலோ. உடல் வயது 52. நேற்றைய அடிகள், நேற்று எரித்த கலோரி, உறக்க மதிப்பெண் 78, இந்த வார மனநிலை 3.4. எல்லாம் ஒரே எழுத்தளவு, ஒரே நீல நிறம். இதில் ஒன்று அளந்தது, ஒன்று எண்ணியது, சில ஊகித்தவை, ஒன்று நானே சொன்னது, ஒன்று என்னவென்று கம்பெனிக்கே தெரியுமா என்பது சந்தேகம். கல்யாண வீட்டுப் பந்தியில் வந்தவர், அழைக்காமல் வந்தவர், பரிமாறுகிறவர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது அந்தத் திரை. முதல் நாளே என் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத்தனை நம்பர் காட்டுதே, இதுல எதைத்தான் நம்புறது?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்த மதிப்புரை. சொல்லி முடிக்க மூன்று மாதம் ஆகிவிட்டது.

எடையிலிருந்து தொடங்கினேன். ஒரு கருவியை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி, மாறாத ஒன்றை மறுபடி மறுபடி அளப்பது. ஏறி இறங்கினேன். 68.4. மறுபடி, 68.4. பத்து முறையும் 68.4. ஒரு புள்ளிகூட நகரவில்லை. எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம் வந்தது. மனிதர் நின்று அளக்கும் எதுவும் பத்து முறை ஒரே மாதிரி வராது. மூச்சு விடுகிறோம், சாய்கிறோம், கால் வைக்கும் இடம் மாறுகிறது. என் வேலையில் பத்துப் படிவத்தில் ஒரே விடை அச்சு அசலாக வந்தால், கேள்வி கேட்கப் போனவர் மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். கால் கிலோ இருக்கும். 68.4. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். 68.4. அப்போது புரிந்தது. புதிய எடை பழைய எடைக்குப் பக்கத்தில் இருந்தால், மெஷின் பழையதையே திரும்பக் காட்டிவிடுகிறது. பல டிஜிட்டல் எடை மெஷின்களில் இந்த 'ஞாபகம்' உண்டு. எண் ஆடினால் வாங்கியவர் மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார் அல்லவா, அதற்கான ஏற்பாடு.

ஞாபகத்தை அழிப்பது சுலபம். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறி இறங்க வேண்டும், அப்புறம் கேன் இல்லாமல் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் நடுவில் கேன். இந்த முறை வந்தவை: 68.1, 68.6, 68.3, 67.9, 68.5. ஐந்து அளவீட்டுக்குள் 700 கிராம் ஆட்டம். மெஷினின் உண்மை முகம் இதுதான், மோசமான முகமும் இல்லை. தரையில் நாலு கால், ஒவ்வொரு காலிலும் ஒரு சின்ன உலோகத் தகடு, அது வளையும்போது மாறும் மின்தடையை வைத்துத்தான் எடை சொல்கிறது. விரிப்பின் மேல் வைத்தால் இன்னும் கூத்தாக இருக்கும். வெறும் தரையில், ஒரே இடத்தில் வையுங்கள்.

தங்கை கேனைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துக் களைத்துப்போய், "ஒரு எடை பாக்க இவ்வளவு பாடா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பாடு படாமல் இருந்திருந்தால், "நேற்றைக்கும் இன்றைக்கும் 300 கிராம் குறைந்திருக்கிறது" என்று ஆப் பச்சை அம்பு காட்டியபோது நானும் பூரித்திருப்பேன். 700 கிராம் ஆடும் மெஷினில் 300 கிராம் குறைவு என்பது ஒன்றும் இல்லை.

அடுத்து, ஆட்டம் இருக்கட்டும், சொல்லும் எடை சரிதானா? இது வேறு கேள்வி. மருத்துவரிடம் போன ஒரு நாள் அங்கே இருந்த கம்பி நகர்த்தும் பழைய நிறுவையில் ஏறினேன். 67.1. வீட்டுக்கு வந்து அதே உடையில் மெஷினில் ஐந்து முறை ஏறினேன் (கேனோடுதான்). சராசரி 68.3. ஆக, என் மெஷின் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிச் சொல்கிறது. எப்போதும் கூட்டித்தான் சொல்கிறது. புள்ளியியலில் இந்த இரண்டையும் கவனமாகப் பிரிப்பார்கள். திரும்பத் திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. பத்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரம் தினமும் பத்து நிமிடமே வேகமாக ஓடினால் அதை வைத்துப் பஸ் பிடித்துவிடலாம். ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் ஓடினால் அது சுவருக்கு அலங்காரம், அவ்வளவுதான். எப்போதும் ஒரே பக்கம் சாயும் முதல் வகைப் பிழையைக் கழித்துவிடலாம், முன்னும் பின்னும் ஆடும் இரண்டாம் வகையைச் சராசரி எடுத்துத் தணிக்கலாம். ஆனால் ஆயிரம் முறை சராசரி எடுத்தாலும் முதல் வகை போகாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூட்டிச் சொன்னாலும் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்கிறதா என்பதையும் பார்த்தேன். காலிக் கேனோடு ஐந்து முறை, நிறைந்த கேனோடு ஐந்து முறை. இரண்டு சராசரிக்கும் இடையில் 4.9 கிலோ. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு இது போதும். இந்த மெஷினின் எடைக்கு என் தீர்ப்பு: இன்றைய எண்ணைப் பார்க்காதீர்கள், வாரச் சராசரியைப் பாருங்கள். மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குத் தாராளமாக நம்பலாம்.

கொழுப்பு சதவீதத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம். மெஷின் மேல் இருக்கும் உலோகப் பட்டை வழியாக ஒரு பாதத்தில் நுழையும் மிகச் சிறிய மின்னோட்டம் மறு பாதத்தில் வெளியேறுகிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் திணறும். அந்தத் திணறலைத்தான் மெஷின் அளக்கிறது. கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குவதால், இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்பதில் அதற்குப் பெரிய பரிச்சயம் கிடையாது. மீதியை ஒரு சூத்திரம் நிரப்புகிறது: உயரம், வயது, பாலினம், எடை.

எவ்வளவு நிரப்புகிறது என்று பார்க்க ஆப்புக்குள் போய் என் வயதை 46-லிருந்து 36 ஆக்கினேன். பத்து வயது குறைந்ததும் கொழுப்பும் குறைந்தது. அதைவிட வேடிக்கை, அமைப்புகளுக்குள் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு அதே நிமிடம், அதே கால், அதே உடம்போடு ஏறினேன். 33.8 ஆக இருந்தது 27.1 ஆகிவிட்டது. ஒரு அடிகூட ஓடாமல் ஆறரைப் புள்ளிக்கு மேல் கொழுப்பைக் கரைத்த பெருமை எனக்கு உண்டு. பையன் சிரித்துவிட்டு, "அம்மா, அந்த பட்டனை அப்படியே விட்டுடு" என்றான்.

இதனால் அந்த எண் பொய் என்று சொல்ல மாட்டேன். அது அளவீடு இல்லை, மதிப்பீடு. என்னைப் போன்ற உயரமும் வயதும் உள்ள பலரை ஆய்வகத்தில் அளந்து, அவர்களின் போக்கை வைத்து என்னை ஊகிக்கிறார்கள். ஊகிப்பதில் தப்பில்லை. ஊகத்தை 33.8 என்று தசம புள்ளியோடு, எடைக்குப் பக்கத்தில் அதே எழுத்தில் காட்டுவதுதான் தப்பு. "முப்பதுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் எங்கோ" என்று காட்டினால் உண்மையாக இருக்கும், ஆனால் யார் வாங்குவார்கள்? அதே பேச்சு 'எலும்பு 2.4 கிலோ'வுக்கும் பொருந்தும். 92 நாளில் அது ஒரு முறைகூட 2.4-ஐ விட்டு அசையவில்லை. உடல் வயதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

பி.எம்.ஐ. விஷயத்தில் குற்றவாளி நான்தான். ஆப் முதல் நாள் உயரம் கேட்டபோது 160 செ.மீ. என்று அடித்தேன். பல வருடமாகச் சொல்லி வந்த எண். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையில் புத்தகம் வைத்து டேப்பால் அளந்தால் 158. சுயமாகச் சொல்லும் விடைகளின் குணமே இதுதான். மக்கள் தங்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும் சொல்வார்கள் என்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நானே அப்படிப்பட்ட படிவங்களைச் சலித்தவள், என்னையே நான் சலிக்கவில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டரால் 26.7 என்பது 27.4 ஆகிறது. மெஷினைப் பத்து முறை சோதித்த நான் என் கை அடித்த எண்ணை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

அந்த எண்ணுக்குக் கீழே 'சற்று அதிகம்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொல் வருகிறது. 24.9 என்றால் பச்சை, 25.0 என்றால் ஆரஞ்சு. என் உயரத்துக்கு இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது கால் கிலோ. முன்னால் பார்த்தோமே, அந்தக் கால் கிலோப் புத்தகம். தொடர்ந்து ஓடும் ஒரு அளவை வெட்டிப் பெட்டியில் போட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்கள் வேறு வேறு ஜாதி ஆகிவிடுகிறார்கள். கோடும் மனிதர் போட்டதுதான். 1998-ல் அமெரிக்காவில் அதிக எடைக்கான எல்லையை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்பதிலிருந்து இருவருக்கும் 25 என்று இறக்கினார்கள். கோடிக்கணக்கான பேர் ஒரு கிராம்கூடக் கூடாமல் ராத்திரியோடு ராத்திரியாக அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தேவை என்றது. என் ஆப்பில் எந்தக் கோடு என்று எங்கேயும் எழுதவில்லை. நிறம் மாறிய இடத்தை வைத்து நானே கண்டுபிடித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்றில் அளவுகளை நாலாகப் பிரித்தார். வெறும் பெயர் தருவது ஒன்று: ரத்த வகை, பாலினம், பேண்டின் நிறம். வரிசை மட்டும் தருவது இன்னொன்று: குறைவு, நடுத்தரம், அதிகம். அடுத்ததில் இடைவெளிக்குப் பொருள் உண்டு, ஆனால் பூஜ்யம் நாமாக வைத்தது: செல்சியஸ் வெப்பநிலை. கடைசியில் பூஜ்யமும் உண்மையான பூஜ்யம்: எடை, உயரம், அடிகள். இதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் ஏராளம். நாலும் ஒரே திரையில் வந்து நிற்கும்போது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவர் அறிக்கையில் 'சராசரி திருமண நிலை: 1.7' என்று எழுதியிருந்தார். மணமாகாதவர் 1, மணமானவர் 2, துணையை இழந்தவர் 3 என்று குறியீடு போட்டிருந்தோம். கணினிக்கு அவை எண்கள்தானே, கூட்டி வகுத்துக் கொடுத்துவிட்டது. அன்று முழுக்க அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் "நீ எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஆப்பின் 'மனநிலை 3.4' அதற்கு ரொம்பத் தூரம் இல்லை. தினமும் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொடச் சொல்கிறது, அழுகிற முகத்திலிருந்து பல்லைக் காட்டும் முகம் வரை. இரண்டாவது முகத்துக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரமும், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள தூரமும் ஒன்றா? என் கணக்கில் இல்லை. நாலாவதிலிருந்து ஐந்துக்குப் போக எனக்குப் பெரிய காரணம் வேண்டும். வரிசைதான் தெரியும், தூரம் தெரியாது. இதில் நடுவில் நிற்கும் விடையைச் சொல்லலாம், எந்த முகம் எத்தனை நாள் என்று சொல்லலாம். 3.4 என்று ஒரு முகம் கிடையாது.

வெப்பநிலைக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பேண்ட் இரவில் தோலின் வெப்பத்தை அளக்கிறது. ஒரு நாள் காலையில் "உங்கள் தோல் வெப்பம் 2 சதவீதம் உயர்ந்துள்ளது" என்று அறிவிப்பு. 34.0-லிருந்து 34.7. சரி, அமைப்புகளில் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினேன். 93.2-லிருந்து 94.5, அதாவது 1.4 சதவீதம். ஒரே தோல், ஒரே இரவு, இரண்டு வெவ்வேறு சதவீதங்கள். பூஜ்யம் நாமாக வைத்த அளவில் சதவீதம் போட்டால் இப்படித்தான் ஆகும். 1742-ல் செல்சியஸ் தன் அளவை முன்வைத்தபோது நீர் கொதிக்கும் புள்ளியைத்தான் 0 என்றும் உறையும் புள்ளியை 100 என்றும் வைத்தார். பிறகுதான் தலைகீழாக்கினார்கள். பூஜ்யத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 0.7 டிகிரி உயர்ந்தது என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் இல்லை. எடைக்கு இந்தத் தொல்லை இல்லை. கிலோவில் சொன்னாலும் பவுண்டில் சொன்னாலும் சதவீதம் மாறாது.

அடிகள் எண்ணுவதில் பேண்ட் பரவாயில்லை. வாயால் 500 எண்ணிக்கொண்டே நடந்தேன், மூன்று முறை. 487, 491, 494. கொஞ்சம் குறைத்து, ஏறக்குறைய ஒரே மாதிரி. நல்ல கருவியின் லட்சணம். ஆனால் பேண்ட் எண்ணுவது அடியை இல்லை, கை ஆடுவதை. தங்கையின் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அதே 500 அடி நடந்தேன், கை கைப்பிடியிலேயே இருந்தது. 112. உட்கார்ந்த இடத்தில் நூறு முறை கை தட்டினேன், 38 அடி நடந்திருக்கிறேன். பிள்ளைத் தள்ளுவண்டியோடு இருப்பவர்கள் இந்தப் பேண்டை நம்பி மனம் உடைய வேண்டாம்.

பத்தாயிரம் அடி இலக்கை எட்டினால் திரையில் பட்டாசு வெடிக்கிறது. அந்த இலக்கின் பூர்வீகம் தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965-ல் யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி 'மான்போ-கெய்' என்று ஒரு அடி எண்ணும் கருவியை விற்றது. 'பத்தாயிரம் அடி எண்ணும் மீட்டர்' என்று பொருள். ஆய்வில் பிறந்த எண் இல்லை, விற்பனைக்காக வைத்த பெயர்.

இதயத் துடிப்பை மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்து எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் விரலால் நாடி பிடித்து எண்ணியதற்கும் அதற்கும் இரண்டு மூன்று துடிப்புதான் வித்தியாசம். வேகமாக நடக்கும்போது பேண்ட் தளர்வாக இருந்தால் குழம்பிவிடுகிறது. சில சமயம் அடியின் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது.

கலோரியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேரிடம் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொன்னன. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஒரே கை, ஒரே கருவி. நேராக அளப்பதற்கும், அளந்ததிலிருந்து ஊகிப்பதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. என் கருவி அந்த ஏழில் இல்லை. அதனால் என்னுடையது எவ்வளவு தவறுகிறது என்று தெரியாது, நல்லதாக இருக்கும் என்று நினைக்கக் காரணமும் இல்லை.

உறக்கத்தைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். ஒரு இரவு தூக்கம் வராமல் இரண்டு மணி நேரம் அசையாமல் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஆப் அந்த இரண்டு மணி நேரத்தை 'லேசான உறக்கம்' என்று வரவு வைத்து, மதிப்பெண்ணை 81 ஆக்கி, "அருமை!" என்று பாராட்டியது. கண் எரிச்சலோடு அந்தப் பாராட்டைப் படித்தேன். ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தாலும், உறக்கத்தின் நிலைகளைப் பிரிப்பதில் பயிற்சி பெற்ற இரண்டு பேர் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. மணிக்கட்டிலிருந்து 'ஆழ்ந்த உறக்கம் 1 மணி 12 நிமிடம்' என்று நிமிடம் சுத்தமாகச் சொல்வது அசட்டுத் துணிச்சல்.

இனி என் வேலைக்கு நேராக வரும் குற்றச்சாட்டு. ஆப்பிலிருந்து தரவை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறது, அதற்கு நன்றி. திறந்து பார்த்தால் 92 வரி. அதில் 11 நாள் அடிகள் 0. அந்த 11 நாளும் நான் படுத்த படுக்கையாக இல்லை. பேண்டைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்த நாட்கள். தெரியாது என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றில்லை. வேலையில் நான் புதியவர்களுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான்: பதில் இல்லாத கட்டத்தைக் காலியாக விடு, 0 போடாதே. ஆப் 0 போட்டு, அதையும் சேர்த்து வகுத்து, என் தினசரிச் சராசரி 5,420 என்கிறது. அந்த 11 நாளை நீக்கிவிட்டு நானே வகுத்தேன், 6,156. எழுநூறு அடிக்கு மேல் என் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது. பாதி நாள் மட்டும் பேண்ட் கட்டிய நாட்களை என்ன செய்வது என்பதற்கு எனக்கே இன்னும் விடை இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

'உங்கள் வயதினரில் 64 சதவீதத்தினரைவிட அதிகம் நடக்கிறீர்கள்' என்று வாரம் ஒரு முறை வரும் வாழ்த்தையும் ஒதுக்கிவிடலாம். என் வயதினர் என்றால் யார்? இந்தப் பேண்டை வாங்கி, கட்டி, கழற்றாமல், ஆப்போடு இணைத்தவர்கள். கழற்றி டிராயரில் போட்டவர்கள் கணக்கில் இல்லை, அல்லது பூஜ்யமாகக் கணக்கில் இருக்கிறார்கள். எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அது பெரிய விஷயமில்லை. 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன்தான் ஜனாதிபதி என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிடித்துக் கேட்டிருந்தார்கள், அதிலும் பதில் எழுத மனமிருந்தவர்கள் மட்டுமே எழுதினார்கள்.

யாரும் விளம்பரம் செய்யாத ஒரு மூலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு நாளுக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். 'மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது', 'முட்டி வலி இல்லை', 'மூன்றாவது மாடி வரை நிற்காமல் போனேன்'. எண் இல்லை, சராசரி போட முடியாது, அதனால் ஆப் இதை எங்கேயும் காட்டுவதில்லை. 92 நாள் கழித்து எனக்கு என்ன மாறியது என்று தெரிந்தது இந்தக் கட்டத்தைப் படித்தபோதுதான். மூச்சு வாங்கியதாக முதல் மாதத்தில் ஒன்பது நாள் எழுதியிருக்கிறேன், மூன்றாவது மாதத்தில் ஒரு நாள். எடை அதே 68 சொச்சம்தான். இதுவும் நான் சொன்ன விடைதான், உயரம் 160 என்று சொன்ன அதே வாய். நன்றாக இருந்த நாளில் எழுதவே மறந்திருப்பேன், அலுப்பாக இருந்த நாளில் மிகைப்படுத்தியிருப்பேன். ஆனால் அன்றன்று எழுதியது, மூன்று மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து சொன்னது இல்லை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு.

வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். எடைக்கும் அடிகளுக்கும் ஓய்வில் இருக்கும்போது பார்க்கும் துடிப்புக்கும் என்றால் வாங்கலாம். கொழுப்பைக் குறைக்கிறேன், அதைத் தினமும் பார்க்கப் போகிறேன் என்றால் சாதாரண எடை மெஷினும் ஒரு தையல்காரர் டேப்பும் போதும். அவள் டேப் வாங்கிக்கொண்டாள்.

நட்சத்திரம் எத்தனை என்று இந்தப் பக்கம் கேட்கிறது. மூன்று போடுகிறேன். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டு அதன் படத்தை அனுப்பினால் இன்னொரு பட்டை இலவசம். இந்தப் பக்கத்தில் மேலே தெரியும் 4.3 என்ற சராசரி நட்சத்திரத்தைப் பார்க்கும்போது இந்த அட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பவில்லை, இருக்கிற பட்டையே இன்னும் கிழியவில்லை. சார்ஜ் வயர் மட்டும் ரொம்பக் குட்டை, பேண்ட் பிளக்கிலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த 11 நாளில் பாதி அதனால்தான், அங்கே தொங்கினால் கண்ணில் படாது.